சாபம் இல்லை சார், கணக்கு!

'விதவுட் யூ' யார் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். மூத்தவர்கள் ஹாரி நில்சன் என்பார்கள். அடுத்த செட் மரியா கேரி என்று அடித்துச் சொல்லும். பாடியவர்கள் அவர்கள், சரி. எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் எவன்ஸ். பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனியில் இருந்த 'பேட்ஃபிங்கர்' என்ற ராக் குழுவின் ஆட்கள். ஹாமிடம் சரியான பல்லவி அமையாத ஒரு பாட்டு. எவன்ஸிடம் பல்லவி மட்டும். இரண்டையும் ஒட்டி, 1970-ல் 'நோ டைஸ்' ஆல்பத்தில் தாங்களே பாடினார்கள். ஆர்ப்பாட்டமில்லாத பாட்டு. (எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும். சண்டைக்கு வராதீர்கள்.)

நில்சன் அதைக் கேட்டுவிட்டு பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்தாராம். 1971-ல் பியானோ, வயலின்கள் சகிதம் உச்சஸ்தாயியில் பாடினார். அடுத்த வருடம் அமெரிக்காவில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம்.

ஹாம் 1975-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 28-வது பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருந்தது. மனைவியாக வேண்டியவர் நிறைமாத கர்ப்பிணி. 1983-ல் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ராக் பிரியர்கள் பெருமூச்சு விட்டு, 'சபிக்கப்பட்ட குழு' என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன சாபம்? யார் கொடுத்தது? இன்னும் சிலர், நில்சன் பாட்டைத் தட்டிப் பறித்துவிட்டார் என்பார்கள். அதுவும் அபத்தம். அமெரிக்க ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் ராயல்டி எழுதியவருக்குத்தான். பாடியவருக்குக் காலணா கிடையாது. நில்சன் குரல் ஒலித்த ஒவ்வொரு தடவையும் ஹாம், எவன்ஸ் பேரில்தான் வரவு விழ வேண்டும். இன்னொருவர் பாடியது அவர்களுக்கு அடித்த லாட்டரி.

அப்புறம் பணம் எங்கே போச்சு?

பி.காம் படித்தவன் புத்தி, வரவு செலவைத்தான் முதலில் தேடும். குழுவின் மேனேஜர் ஸ்டான் போலி, நியூயார்க்காரர். வருமானம் எல்லாம் ஒரு கம்பெனிக்குப் போகும், பையன்களுக்கு அதிலிருந்து சம்பளம் என்று ஏற்பாடு. 1970 டிசம்பர் முதல் 1971 அக்டோபர் வரைக்கான கணக்கறிக்கை இருக்கிறது. பீட் ஹாமுக்குச் சம்பளமும் முன்பணமும் சேர்த்து 5,959 டாலர். நான்கு பேரில் அவருக்குத்தான் கம்மி. மேனேஜ்மென்ட் கமிஷன் 75,744 டாலர்! இதற்குப் பெயர் சாபமா? எங்கள் காலேஜில் முதல் வருஷப் பையனிடம் கொடுத்தால்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

பிறகு வார்னர் கம்பெனி கொடுத்த முன்பணத்துக்கும் கணக்கு இல்லை. 1974-ல் வழக்கு. கடையிலிருந்த ஆல்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கையில் காசில்லாத ஹாம், மேனேஜரைக் குற்றம் சாட்டி எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். ஆப்பிள் காலத்து ராயல்டியும் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இந்த ஒரு பாட்டின் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பழைய சகாக்களுக்குள்ளேயே அடிதடி. எவன்ஸ் அந்தச் சண்டை தீராமலே போனார்.

1994-ல் மரியா கேரி பாடி, பிரிட்டனில் மறுபடியும் முதலிடம்.

போலி 2009 வரை வாழ்ந்தார். 1991-ல் கலிபோர்னியாவில் பணத்தைக் கையாடியதாக அவர் மேல் ஒரு வழக்கு வந்தது. எதிர்த்து வாதாடவில்லை. ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு. அது வேறொருவருடைய பணம்.