3ஐ/அட்லஸ்: ஏலியன் விண்கலமா? வால் நட்சத்திரத்தின் உட்கருவில் என்னதான் இருக்கு?

சூரிய குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால் நட்சத்திரம், 2025 டிசம்பர் 19ஆம் தேதி பூமியிலிருந்து சுமார் 27 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. பூமிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி இதைக் கண்டுபிடித்த பிறகு, "இது ஏலியன் விண்கலமா?" என்ற கேள்வி சமூக வலைதளங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது வால் நட்சத்திரம்தான் என நாசா நவம்பர் 19 அன்று தெளிவுபடுத்தியது. அப்போ, சந்தேகம் எங்கிருந்து வந்தது?

பாதை விலகினால் என்ஜின் இருக்கா?

அக்டோபர் இறுதியில் சூரியனுக்கு மிக அருகே, அதாவது சுமார் 20 கோடி கிலோமீட்டர் தொலைவில் சென்றபோது, ஈர்ப்பு விசையால் மட்டும் விளக்க முடியாத சின்ன மாற்றம் அதன் வேகத்தில் தெரிந்தது. இது செயற்கைப் பொருளாகவும் இருக்கலாம் என்று பேசிவந்த ஹார்வர்டு வானியலாளர் ஆவி லோப் உள்ளிட்டோர் இதையும் கவனிக்க வேண்டும் என்றனர்.

ஆனால் இந்த மாதிரி விலகல் வானியலுக்குப் புதிதல்ல. என்கே என்ற வால் நட்சத்திரம் கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே வந்து நின்றது, 19ஆம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானிகளைக் குழப்பியது. 1950இல் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் இதற்கு விடை சொன்னார். வால் நட்சத்திரத்தின் நடுவே இருப்பது பனியும் தூசியும் கலந்த திடமான உட்கரு. வெயில் படும் பக்கம் பனி ஆவியாகிப் பீய்ச்சி அடிக்கும்போது, அதுவே உட்கருவைத் தள்ளிவிடுகிறது. 'அழுக்குப் பனிப்பந்து' என்ற பெயர் இந்த விளக்கத்துக்குத்தான் ஒட்டிக்கொண்டது. அதாவது, இன்று விண்கலத்துக்கு ஆதாரமாகப் பேசப்படும் அதே விலகல்தான், 75 ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே பனி இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

உட்கருவில் என்ன இருக்கு?

உட்கருவை பூமியிலிருந்து நேராகப் பார்ப்பது கஷ்டம். சுற்றியுள்ள வாயுவும் தூசியும் அதை மறைத்துவிடும். 3ஐ/அட்லஸின் உட்கரு 440 மீட்டர் முதல் 5.6 கிலோமீட்டர் வரை எந்த அளவிலும் இருக்கலாம் என்றுதான் ஹப்பிள் தொலைநோக்கி மூலம் சொல்ல முடிந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்த விண்கலங்கள் வேறு கதை சொல்கின்றன. 1986இல் ஹாலி வால் நட்சத்திரத்தை நெருங்கிய ஐரோப்பாவின் ஜியோட்டோ கண்டது வெள்ளைப் பனியை அல்ல. சுமார் 15 கிலோமீட்டர் நீளத்தில், மேலே விழும் ஒளியில் 4 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும் கன்னங்கரேல் என்ற கட்டியை!

2014 முதல் 2016 வரை 67பி வால் நட்சத்திரத்துடன் கூடவே பயணித்த ரொசெட்டா இன்னும் நெருங்கிப் பார்த்தது. அந்த உட்கருவின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான். கடலில் போட்டால் மிதக்கும்! உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். நீர்ப்பனி, கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றோடு கிளைசின் என்ற அமினோ அமிலமும் அங்கே இருந்தது.

காலம் போகப் போக என்ன ஆகும்?

பீரோவில் போடும் அந்துருண்டை, உருகித் தண்ணீராகாமல் அப்படியே ஆவியாகித் தேய்வதைப் பார்த்திருப்போம். வால் நட்சத்திரத்தின் பனியும் அப்படித்தான் தேய்கிறது. பனி போனபின் மிஞ்சும் தூசி மேலே படிந்து வறண்ட தோலாகிவிடுகிறது. 2015 ஜூலையில் 67பியில் ஒரு செங்குத்துப் பாறைச் சரிவு இடிந்து விழுந்தபோது, உள்ளே மறைந்திருந்த பளபளப்பான பனி வெளியே தெரிந்தது.

வாயு பீய்ச்சுவதால் உட்கரு சுழலும் வேகமும் மாறும். சில வால் நட்சத்திரங்கள், 2013இல் ஐசான் போல, சூரியனை நெருங்கும்போதே சிதறிவிடும். சில, பனி தீர்ந்தோ தோல் தடித்தோ, வாலே இல்லாத கறுப்புப் பாறையாக அடங்கிவிடும்.

3ஐ/அட்லஸில் உண்மையான புதிர் என்ன?

ஆகஸ்ட் 6 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, 3ஐ/அட்லஸிலிருந்து வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு, நீராவியைப் போல சுமார் 8 மடங்கு இருந்தது. அப்போது அது சூரியனிலிருந்து வெகுதூரத்தில் இருந்ததால் நீர்ப்பனி முழுவீச்சில் ஆவியாகத் தொடங்கவில்லை. அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்தாலும் இது மிக அதிகம்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, அது பிறந்த நட்சத்திர மண்டலமே அப்படி. இன்னொன்று, கோடிக்கணக்கான ஆண்டுகள் அண்டவெளியில் அலைந்தபோது பட்ட காஸ்மிக் கதிர்கள், மேல்தோலில் இருந்த கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றியிருக்கலாம். இரண்டாவது சரி என்றால், இதுவரை நாம் பார்த்தது அதன் பிறப்பிடத்தை அல்ல, பயணத்தில் வெந்துபோன தோலை மட்டும்தான். வேறொரு நட்சத்திரத்தின் மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததா, இல்லையா என்பது இந்த விடையில்தான் இருக்கிறது.

அடுத்து என்ன?

3ஐ/அட்லஸ் இனி திரும்பி வராது. 2017இல் ஓமுவாமுவா, 2019இல் போரிசோவ் ஆகியவற்றுக்குப் பிறகு வந்த மூன்றாவது விருந்தாளி இது. அடுத்து இப்படி ஒன்று வந்தால் அருகில் போய்ப் பார்க்க முடியுமா? ஐரோப்பிய, ஜப்பானிய விண்வெளி அமைப்புகள் 2029இல் ஏவத் திட்டமிட்டுள்ள காமெட் இன்டர்செப்டர் அதற்கான முயற்சி. இலக்கு எது என்றே முடிவாகாமல் புறப்பட்டு, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காத்திருக்கும். இதுவரை சூரியனை நெருங்கியே பார்க்காத வால் நட்சத்திரம் ஒன்று வந்தால், அல்லது அதிர்ஷ்டம் இருந்து இன்னொரு வெளி விருந்தாளி வந்தால், அதை நோக்கிக் கிளம்பும்.