ஆட்டிசம் குழந்தைக்கு தெரபி சென்டர் மட்டும் போதுமா? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மளிகைக் கடையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்துகிறது. 'பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பாரு' என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலருக்கும் இது பழகிப்போன காட்சி.

ஆனா, அது பெரும்பாலும் அடம் இல்லை. சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியலைங்கிறதை வாயால் சொல்லத் தெரியாத குழந்தை, உடம்பால் சொல்லுது. இங்கேதான் பிஹேவியர் தெரபி எனும் நடத்தைப் பயிற்சி உதவுகிறது.

எப்படி வேலை செய்யுது?

ஒவ்வொரு நடத்தையிலும் மூணு விஷயம் பார்ப்பாங்க. அதற்கு முன் என்ன நடந்தது? குழந்தை என்ன செய்தது? அதன்பின் அதற்கு என்ன கிடைத்தது?

உதாரணமாக, தாகம் எடுத்தால் தட்டைத் தூக்கி எறியும் குழந்தைக்கு, டம்ளர் படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குவார்கள். தொட்டதுமே தண்ணீர் கிடைக்கும். கேட்க ஒரு வழி தெரிந்துவிட்டால், எறிய வேண்டிய தேவை குறையும்.

சர்ச்சை ஏன்?

அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தரப்பட்டது. அதட்டல், அடி போன்ற தண்டனைகளும் இருந்தன. கட்டாயப்படுத்திக் கண்ணைப் பார்க்க வைப்பது, கை அசைப்பதைத் தடுப்பது எங்களைக் காயப்படுத்தியது என ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் மாதிரி 'தெரிய' வைப்பது அல்ல, தன் தேவையைச் சொல்ல வைப்பதே இலக்காக இருக்க வேண்டும்.

வீட்டில்தான் விஷயமே!

சென்டரில் குழந்தை இருப்பது சில மணி நேரம். மீதி நேரம் முழுக்க வீட்டில்தான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து, 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று முக்கியமானது. அதில் நிபுணர் அல்லாத பணியாளர்களே பெற்றோருக்குத் தொடர்புப் பயிற்சி அளித்தனர். குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டி விளக்கினர். அந்தக் குழந்தைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது அதிகரித்தது.

அரசு உதவி என்ன இருக்கு?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால், தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. சென்னை அருகே முட்டுக்காட்டில், மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் செயல்படுகிறது.

பணம் கட்டும் முன்...

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் தெரபிஸ்ட் பதிவு செய்தவரா? பயிற்சியை நீங்க உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய உங்களுக்கும் சொல்லித் தருவாங்களா? இந்த மூன்றையும் கேளுங்கள். 'முழுசா குணமாக்குறோம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசம் நோய் அல்ல. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது.

சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிவுரை வேண்டாம். வாரத்தில் ஒருநாள் குழந்தையோடு கொஞ்ச நேரம் இருங்கள். அந்த அம்மா நிம்மதியா தூங்கட்டும்.