மழையில் ஊறினாலும் சாகாத உப்பு

பணிப்பாளர் அவர்கட்கு,
தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம்.

மதிப்புக்குரிய ஐயா,

முகமாலையிலும் முல்லைத்தீவின் காட்டோரங்களிலும் முழங்காலில் இருந்து மண்ணை வாரிக்கொண்டிருக்கும் எங்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நன்றி சொல்லியே இந்த மடலைத் தொடங்குகிறோம். போரில் இரு தரப்பும் புதைத்த மிதிவெடிகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்திருக்காவிட்டால் வன்னியில் பாதிப்பேர் இன்னும் சொந்தக் காணிக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். அந்த வேலையில் குறை காண நாம் எழுதவில்லை. வேலை முடிந்ததும் சனங்களிடம் எஞ்சப்போகும் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றியே எழுதுகிறோம்.

“அது பழசு, உக்கிப் போச்சு, எத்தனை மாரி கண்டிட்டுது, இனி வெடிக்காது.” காணி துப்பரவாக்கும் இடத்திலும், கிணறு தூரெடுக்கும் இடத்திலும், பழைய இரும்பு நிறுக்கும் தராசடியிலும் இந்தப் பேச்சு கேட்கிறது. போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து வருடங்கள் கூடக் கூட இந்த நம்பிக்கையும் கூடிக்கொண்டு போகிறது. இரசாயனம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. அதை எங்கள் சனங்களுக்கு இதுவரை யாரும் விளங்கப்படுத்தவில்லை என்பதே எமது கவலை.

ஒரு மிதிவெடிக்குள் இருக்கும் வெடிமருந்தின் பெரும்பகுதி ரி.என்.ரி, டெட்ரில் போன்றதுதான். அது இலேசில் வெடிக்கிற பொருள் அல்ல. பெரிய விறகு எரிய முதலில் சுள்ளி பிடிக்க வேண்டும் என்பதுபோல, அதைக் கிளப்பவும் முதல் அடி ஒன்று வேண்டும். அந்த அடியைக் கொடுப்பது வெடிதூண்டி, எங்கள் பொடியள் சொல்லும் டெற்றனேற்றர். பெரும்பாலான வெடிதூண்டிகளுக்குள் இருப்பது ஓர் உலோக உப்பு: ஈய ஏசைட்டு. ஈயமும் நைதரசனும் சேர்ந்த வெள்ளைத் தூள். ஜேர்மானிய இரசாயனவியலாளர் தியோடர் கூர்ட்டியஸ் 1891இல் இதை முதன்முதலில் தயாரித்தார். அதற்கு முன்னர் அல்பிரட் நோபலின் காலம் தொட்டு இரசப் புல்மினேற்றே இந்த வேலையைச் செய்தது. அது வெப்பத்தில் வைத்திருக்க வைத்திருக்க வலுக்குன்றிவிடும். ஈய ஏசைட்டு அப்படியல்ல. நெடுங்காலம் கெடாமல் கிடக்கும், சூட்டைத் தாங்கும். படைகள் அதை விரும்பி எடுத்ததும் அந்தக் குணத்துக்காகத்தான். எங்கள் மண்ணுக்குச் சாபமாகிப்போனதும் அதே குணம்தான்.

இது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. நனைந்த நிலையிலும் வெடிக்கும், நீருக்கடியிலும் வெடிக்கும். காலபோகத்து மழை எத்தனை முறை ஊற்றினாலும் அது கரைந்தோடிப் போகாது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளங்கள் இவற்றை இடம் மாற்றிப் போடலாம். செயலிழக்கச் செய்ய மாட்டா.

இன்னொன்று இதைவிடப் பயங்கரமானது. ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் பட்டால் ஈய ஏசைட்டிலிருந்து ஐதரசோயிக் அமிலம் மெல்ல மெல்ல வெளிவரும். அருகில் செம்போ பித்தளையோ இருந்தால் அந்த அமிலம் அதைத் தாக்கிச் செப்பு ஏசைட்டை உண்டாக்கும். செப்பு ஏசைட்டு தாய் உப்பைவிடப் பல மடங்கு கூச்சமுள்ளது. சிறு உரசலே போதும். இதற்குப் பயந்துதான் ஈய ஏசைட்டு வெடிதூண்டிகளின் கூட்டை அலுமினியத்தில் செய்கிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யப்பட்டவற்றில் எந்த உலோகம் எதோடு ஒட்டிக் கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? பச்சை பூத்த பித்தளைத் துண்டொன்றைக் கண்டு “உக்கிப் போச்சு” என்று கையிலெடுப்பவர், புதிதாகச் செய்த ஒன்றைத் தொடுவதைவிடப் பெரிய ஆபத்தைத் தொடுகிறவராக இருக்கலாம்.

பித்தளைக்கும் செம்புக்கும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. அந்த விலைக்காகவே வெடிபொருட்களை உடைத்துப் பிரிக்கிறார்கள். கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களும் இவற்றைத் தேடுகிறார்கள். ஒரு வெடிதூண்டிக்குள் இருக்கும் உப்பு ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கலாம். விரல்களைக் கொண்டுபோகவும் கண்ணைக் குருடாக்கவும் அது காணும். வெடிக்காமல் தப்பினாலும் தூள் கையில் ஒட்டும், அந்தக் கையால்தான் சோறும் குழைப்பார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பெரியவர்களின் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். ஏசைட்டு உடலுக்குள் போனால் இரத்த அழுத்தத்தை வீழ்த்தும். வறுமைதான் இவர்களை அந்த வேலைக்கு அனுப்புகிறது. ஆகவே பொலிஸ் பிடிக்கும் என்ற மிரட்டல் மட்டும் போதாது.

ஐயா, இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. உடன்படிக்கை இலங்கைக்கு நடைமுறைக்கு வந்த 2018 யூன் 1இலிருந்து கணக்கிட்டால், மிதிவெடிகளை அகற்ற அது தந்த பத்தாண்டுக் கெடு 2028 யூன் 1இல் முடிகிறது. கெடு நீடிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், ஒருநாள் “மிதிவெடியற்ற நாடு” என்ற அறிவிப்பு வரும். அந்த நாளை நாமும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம். ஆனால் அந்த அறிவிப்போடு மண்டையோட்டுப் பலகைகள் கழன்று, நிறுவனங்கள் வெளியேறி, விழிப்பூட்டல் வகுப்புகளும் நின்றுபோனால், எஞ்சிக் கிடக்கும் ஒன்றிரண்டை எங்கள் பேரப்பிள்ளைகள்தான் கண்டெடுப்பார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 2014 மார்ச்சில் முதலாம் உலகப் போர்க் குண்டொன்று வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போர் தொடங்கி நூறு வருடம் ஆகும் நேரம் அது. அங்கே உழவர்கள் இன்றும் வருடாவருடம் வயலிலிருந்து குண்டுகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அவற்றைப் பொறுப்பேற்கப் படையில் நிரந்தரப் பிரிவொன்று இருக்கிறது. போர் முடிந்துவிட்டது என்று அந்த நாடு அதைக் கலைக்கவில்லை.

ஆகவே கேட்கிறோம். “தொடாதே” என்று மட்டும் சொல்லும் சுவரொட்டி பத்து வயதுப் பிள்ளைக்குப் போதும். பதினாறு வயதுப் பொடியனுக்கு ஏன் தொடக்கூடாது என்றும் தெரிய வேண்டும். பத்தாம், பதினோராம் தரத்தில் உப்புகளைப் பற்றிப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த உப்பையும் படிப்பியுங்கள். கல்வி வலயங்களோடு பேசி, வன்னிப் பள்ளிக்கூடங்களிலாவது அதை ஒரு பாடமாக்குங்கள். பழைய இரும்பு வாங்கும் கடைகளுக்கு ஆட்களை நேரே அனுப்பி, எவற்றை நிறுக்கக்கூடாது, கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று படம் காட்டி விளக்குங்கள். கொண்டுவந்தவரைக் குற்றவாளியாக்காமல் தகவலை ஏற்கும் முறையொன்றும் வேண்டும். பயத்தில் கிணற்றுக்குள் வீசப்படுவதைவிட அது மேல். மீட்ட வெடிபொருட்களைத் திரும்பத் திரும்ப வெடிக்கவைத்து அழித்த இடங்களை வயலுக்கும் கிணற்றுக்கும் கொடுக்குமுன் மண்ணில் ஈயம் எவ்வளவு என்று சோதித்து, முடிவைக் காணிக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மிதிவெடி அகற்றும் வேலையில் அனுபவம் பெற்ற எங்கள் பெண்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். அகற்றும் பணி முடியும் நாளில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஒவ்வொரு மாவட்டச் செயலகத்திலும் அவர்களில் சிலரைக் கொண்ட நிரந்தரக் குழுவொன்றை அரச சம்பளத்தில் அமையுங்கள். அதற்கான திட்டத்தைக் கெடு முடிவதற்கு முன்னர், இந்தச் சனங்கள் வாசிக்கக்கூடிய தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு