வானத்தில் ஓடும் தீ: பறக்கும் தட்டு இல்லை, பழைய ராக்கெட்!

தலையில் விழுந்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரம் –

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வானத்தில் நெருப்பு புதிதல்ல. வடகிழக்கே சுமார் 115 கிலோ மீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் இரவில் மேகம் இல்லாவிட்டால், மொட்டை மாடியில் நின்றாலே நெருப்புக் கோடு தெரியும். "நம்ம ராக்கெட்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

மேலே போகும் நெருப்புக்கு யாரும் பயப்படுவதில்லை. கீழே வரும் நெருப்புக்குத்தான் பயம். "பறக்கும் தட்டு" என்கிறார் ஒருவர். "நாட்டுக்கு ஆகாது, பச்சை மரத்தைப் பார்" என்கிறார் பெரியவர். "ஏரிக்கு அந்தப் பக்கம் விழுந்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்று மூன்றாமவர் சத்தியமே செய்கிறார்.

மூன்று பேர் சொல்வதும் தப்பு. இப்படி வரும் நெருப்பில் பல, மேலே போன ராக்கெட்டின் மிச்சம்தான்.

பண்டிகை நாளில் வந்த வளையம்

2022 ஏப்ரல் 2-ந்தேதி இரவு, ஏறத்தாழ 8 மணி. மராட்டியத்தில் அன்று வருடப் பிறப்பு. வீதியெல்லாம் ஜனக் கூட்டம். அப்போது வானத்தில் தீப்பந்துகள் வரிசை கட்டி ஓடின. குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும்கூட அதைப் பார்த்தார்கள்.

சந்திரபூர் மாவட்டம் லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. பக்கத்து ஊரில் உருண்டையான தொட்டி ஒன்று கிடைத்தது. நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை.

வந்தது வேற்றுக் கிரகவாசி அல்ல. 2021 பிப்ரவரியில் சீனா ஏவிய 'லாங் மார்ச் 3பி' ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு அது என்று விண்வெளிப் பாதைகளைக் கணக்கிடும் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். வேலை முடிந்த ராக்கெட் ஒரு வருஷத்துக்கு மேல் பூமியைச் சுற்றிவிட்டுக் கீழே வந்திருக்கிறது.

நம் பக்கமும் வராமல் இல்லை. வெள்ளி கிரகத்துக்குப் போக வேண்டும் என்று 1972-ல் ரஷ்யர்கள் அனுப்பிய 'காஸ்மோஸ் 482' போய்ச் சேராமல் பூமியையே 53 வருஷம் சுற்றியது. 2025 மே 10-ந்தேதி அது கீழே இறங்கியது. இறங்கத் தொடங்கிய இடம் அந்தமானுக்கு மேற்கே 560 கிலோ மீட்டர் என்று ரஷ்ய விண்வெளி அமைப்பு சொன்னது. அதாவது நம் வங்கக் கடலுக்கு மேலே! விழுந்தது இந்தியப் பெருங்கடலில் என்பதால் தப்பித்தோம்.

அடையாளம் காண்பது எப்படி?

எரிநட்சத்திரம் என்றால் கண் இமைக்கும் நேரத்தில் சரட்டென்று போய்விடும். ராக்கெட் துண்டு அப்படி இல்லை. வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, ஒரு நிமிஷம்கூட ஆகும், படுக்கை வாட்டில் நிதானமாகப் போகும். போகிற வழியிலேயே உடைந்து, தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் ஓடுவது போலத் துண்டுகள் வரிசையாக வரும்.

நிதானம் என்பது நம் கண்ணுக்குத்தான். வினாடிக்கு 7, 8 கிலோ மீட்டர் வேகம்! காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நசுங்கிக்கொண்டு போகிறோம். அது பத்தே வினாடியில் போய்விடும்.

இன்னொன்று. அது எரிவது சுமார் 80 கிலோ மீட்டர் உயரத்தில். அதனால்தான் பல மாவட்டங்களில் ஒரே நேரத்தில் தெரிகிறது. ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் பக்கத்து ஊரில் விழுந்தது போலத் தோன்றுகிறது. 'ஏரிக்கு அந்தப் பக்கம்' என்று சத்தியம் செய்தவர் பொய் சொல்லவில்லை. கண்தான் ஏமாற்றுகிறது.

உடையாமல், புகையாமல், பிரம்மோற்சவ சீரியல் பல்பு போல வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகப் போனால் அது வேறு சமாச்சாரம். அமெரிக்கக் கம்பெனியின் 'ஸ்டார்லிங்க்' செயற்கைக் கோள்கள் புதிதாக ஏவப்பட்டவுடன் அப்படித்தான் தெரியும்.

ஸ்கைலாப் பீதி

பயத்தினால் வந்த நஷ்டமும் உண்டு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு 'ஸ்கைலாப்' என்றால் தெரியும்.

77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளிக் கூடம் 1979 ஜூலை 11-ந்தேதி விழுந்தது. அதற்கு முன் பல நாட்கள் இந்தியா முழுக்க ஒரே பேச்சு. "சாகத்தானே போகிறோம்" என்று ஆடு, கோழியை எல்லாம் அடித்துத் தின்று தீர்த்தார்கள் என்று தெலுங்குக் கிராமங்களில் இன்றும் கதை சொல்வார்கள். கடைசியில் அது விழுந்ததோ இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும்! ஆள் சேதம் இல்லை. தின்ற ஆடு திரும்பி வருமா?

நாட்றம்பள்ளி தரும் பாடம்

எதையும் வானத்தின் மேல் போட்டுவிடுவதும் சரியல்ல. 2016 பிப்ரவரி 6-ந்தேதி, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பயங்கர வெடிப்பு. பஸ் டிரைவர் ஒருவர் பலியானார். விழுந்தது விண்கல் என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் உதவியும் தந்தார்.

அமெரிக்காவின் 'நாசா' விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். பெயர் சூட்ட அவசரப்பட்டால், உண்மைக் காரணத்தைத் தேடும் வேலை பின்னால் போய்விடும்.

சொந்தக்காரன் யார்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. பறக்கும் தட்டு என்றால் கேட்க ஆள் இல்லை. விதி என்றால் அதற்கு மேல் பேச்சே இல்லை. ராக்கெட் துண்டு என்றால் அதற்குச் சொந்தக்காரன் உண்டு!

பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே குழித்தறி. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. ஓட்டைப் பிய்த்துக்கொண்டு ஒரு இரும்பு விழுந்தால் பாவு போச்சு, தறி போச்சு. பட்டும் சரிகையும் சங்கத்துச் சரக்கு. கணக்குச் சொல்ல வேண்டியவர் நெசவாளி. அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

1972-ல் உண்டான சர்வதேச ஒப்பந்தம் இதற்கு வழி சொல்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. தரையில் சேதம் ஏற்பட்டால் ஏவிய நாடு நஷ்ட ஈடு தர வேண்டும். கவனக் குறைவு என்று நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. நெசவாளிக்காக இந்திய அரசு அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். கெடு ஒரு வருஷம்.

காகிதச் சட்டம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். 1978 ஜனவரியில் அணு உலையுடன் ரஷ்ய செயற்கைக் கோள் ஒன்று கனடாவில் விழுந்தது. கனடா விடவில்லை. 1981-ல் 30 லட்சம் கனடா டாலர் வாங்கியது.

நாமும் கடன்காரர்கள்தான். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் பெரிய உலோக உருளை ஒன்று ஒதுங்கியது. பார்த்தவர்கள் மிரண்டார்கள். விசாரித்ததில் அது நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விண்வெளி நிறுவனம் அறிவித்தது. 2030-க்குள் குப்பை போடாத விண்வெளிப் பயணம் என்று இஸ்ரோ இலக்கு வைத்திருப்பது சும்மா இல்லை.

காயலான் கடை வேண்டாம்!

உலகத்தில் முக்கால் பங்கு கடல். அதனால் தலையில் விழுமோ என்று தினமும் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் முழு செயற்கைக் கோளோ ராக்கெட் பாகமோ நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் கீழே வந்திருக்கிறது. வரத்து கூடிக்கொண்டே போகிறது.

வயலிலோ ஏரிக்கரையிலோ வளையமோ உருண்டையோ கிடந்தால் தொடக் கூடாது. தொட்டிக்குள் விஷ எரிபொருள் மிச்சம் இருக்கலாம். பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது. நல்ல கனம், நல்ல விலை என்று காயலான் கடைக்கு உருட்டிக்கொண்டு போனால், சாட்சியையே எடைக்குப் போட்ட மாதிரி. கிராம நிர்வாக அதிகாரியிடமோ போலீசிடமோ சொல்ல வேண்டும்.

எந்த ராக்கெட் எந்த நிமிஷத்தில் எந்த ஊருக்கு மேலே போகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பார்த்த நேரமும் போன திசையும் சரியாகத் தெரிந்தால், அது யாருடைய ராக்கெட் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே வானத்தில் தீ ஓடினால் பச்சை மரத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளட்டும். நாளைக்கு நஷ்ட ஈடு கேட்க உதவப் போவது அதுதான்.