சரிவை அளக்க ஆப் போதுமா?

டெல்லியில் குப்பை கொட்டும் நம்மாட்கள் சிலருக்கு ஜனவரி பிறந்தால் குல்மர்க் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கும்தான். கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவான். அங்கே ஸ்கி பேட்ரோல் பார்த்துக்கொள்ளும் பகுதியைத் தாண்டிவிட்டால், அப்புறம் நீங்களாச்சு, பனியாச்சு.

போன சீசனில் நாலு பேர் போயிருந்தோம். அழகான ஒரு சரிவின் விளிம்பில் நின்றுகொண்டு நண்பர் மொபைலை எடுத்து, ஸ்கி கம்பின் மேல் வைத்து, "28 டிகிரிதான், இறங்கலாம்"னு சொன்னார். என்னிடம் இருந்த சின்ன சாய்வுமானியை வைத்து நாலடி கீழே தள்ளிப் பார்த்தேன். 34!

இந்த ஆறு டிகிரிக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேட்கலாம். பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சரிவில்தான் கிளம்புகிறது. 38ஐ ஒட்டித்தான் அதிகம். 30க்குக் கீழே கிளம்புவது அபூர்வம். ஆக 28க்கும் 34க்கும் நடுவில் இருப்பது வெறும் எண் இல்லை. 2023 பிப்ரவரி 1 அன்று இதே அபர்வாட்டில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். 2024 பிப்ரவரியில் குல்மர்க்கில் ஒரு ரஷ்யர்.

நண்பரின் மொபைலில் என்ன கோளாறு? ஒன்று, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா. கூடவே ரப்பர் கவர். கம்பின் மேல் அது மட்டமாக உட்காரவே இல்லை. இரண்டு, ஆப்பில் பூஜ்யத்தைச் சரிபார்க்கவில்லை. மூன்றாவதுதான் பெரிய தப்பு: அவர் அளந்தது நின்ற இடத்தை. விளிம்பு எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும், வில்லங்கம் அதற்குக் கீழே.

மொபைல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவே முதல் கருவியாக இருக்கக் கூடாது. குளிரில் பேட்டரி படுத்துவிடும், கையுறையைக் கழற்ற வேண்டும். போதாக்குறைக்கு டிரான்ஸீவரோடும் அதற்கு ஆகாது. சிக்னல் அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் அட்டையில் குண்டு உருளும் சாய்வுமானிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

வரைபடம்? முதல் நாள் ராத்திரி வழி போட அருமையான விஷயம். ஆனால் நம் மலைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர் கட்டம். பத்து மீட்டர் நீளத்துக்கு மட்டும் செங்குத்தாக விழும் இடம் அதில் சராசரியாகிக் காணாமல் போய்விடும். சுவிட்சர்லாந்து வரைபடத்தை நம்புகிற மாதிரி இங்கே வண்ணத்தை நம்பக் கூடாது. இன்னொன்று, ஒரே ஆப்பை நம்பி இருக்காதீர்கள். பலரும் பயன்படுத்திய ஃபேட்மேப்பை ஸ்ட்ராவா 2023ல் வாங்கியது, 2024 அக்டோபரில் மூடியே விட்டது.

கையில் ஒன்றுமே இல்லையா? பத்தாம் வகுப்புக் கணக்கு இருக்கிறதே :-) கம்பைச் சரிவு வாக்கில் படுக்கவைத்து அழுத்தினால் பனியில் தடம் விழும். தடத்தின் கீழ்முனையில் அதே கம்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள், புதைய விடாதீர்கள். மேல்முனையிலிருந்து இன்னொரு கம்பை மட்டமாகப் பிடியுங்கள். நிற்கும் கம்பின் சரிபாதியில் அது தொட்டால் 30 டிகிரி. சைன் 30 அரைதானே! பாதிக்கு மேலே தொட்டால் 30க்கு மேல். 120 செ.மீ. கம்பில் ஐந்து செ.மீ. பிசகினால் மூன்று டிகிரி பிசகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் கட்சி இதுதான். ராத்திரி வரைபடம், மலையில் சாய்வுமானி, மொபைல் ஒத்துப்பார்க்க மட்டும். இரண்டு கருவி இரண்டு எண் சொன்னால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 29 வந்தாலும் 31 என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்பது 20 டிகிரியாக இருந்தாலும், தலைக்கு மேலே 35 இருந்தால் அதுதான் உங்கள் எண். மேலிருந்து வருவது உங்கள் டிகிரியைக் கேட்டுக்கொண்டு வராது.

அன்றைக்கு நாங்கள் இறங்கவில்லை. முகட்டு வழியாகத் திரும்பி வேறு பக்கம் போனோம். நண்பருக்கு ராத்திரி வரை முகம் சரியில்லை. அந்தச் சரிவு சரியவும் இல்லை, அதனால் நான் சொன்னது சரி என்று நிரூபிக்கவும் வழியில்லை. பரவாயில்லை. இந்த விஷயத்தில் நிரூபணம் கிடைக்காமல் இருப்பதே நல்லது.