மலை ஏறாதவர்களின் கோபம்

2025 ஜூலை 11 இரவு எங்கள் கல்லூரி வாட்ஸப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 கோட்டைகளைச் சேர்த்திருந்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் செஞ்சி. பட்டியலில் இருந்த பெயர்தான் பிரச்சினை: ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’.

“நம்ம கோட்டையத் தூக்கி மராட்டியன் கையில குடுத்துட்டானுங்கடா” என்று முதலில் எழுதியவன் என் நெருங்கிய நண்பன். பின்னால் ஐம்பது அறுபது செய்திகள் வந்தன. நான் சிங்கவரத்துக்காரன். செஞ்சியிலிருந்து எங்கள் ஊருக்கு நடந்தே போய்விடலாம். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “இதுல ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறினவங்க எத்தனை பேரு?”

இரண்டு பேர். அதில் ஒருத்தன் எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் ஏறியவன். என் நண்பனைத் தனியாகக் கேட்டேன். “திருவண்ணாமலை போறப்போ கார்லேர்ந்து பாத்திருக்கேன்டா” என்றான்.

இதே நண்பன் இரண்டு வருடங்களுக்கு முன் பெரு நாட்டுக்குப் போய் இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சு பார்த்துவிட்டு வந்தவன். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும் அடக்கம் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தான். 4,200 மீட்டர் உயரக் கணவாயில் மூச்சு வாங்கியதற்காக அதற்கு முன் ஆறு மாதம் தினமும் ஓடினான். அந்தப் பயணத்தை நான் கிண்டல் செய்யவில்லை. காசு இருந்தால் நானும் போவேன். 800 அடி ராஜகிரிக்கு ஒரு காலைப்பொழுது போதும், இவனுக்கு அது ஏன் வாய்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

முதலில் வரலாற்றைச் சரியாகச் சொல்லிவிடுவோம். மராட்டியர்கள் செஞ்சிக்குப் பொய் உரிமை கொண்டாடவில்லை. 1677இல் சிவாஜி இதைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் ரெய்கட் பக்கம் இருக்க முடியாமல் இங்கே வந்து, மொகலாயரின் எட்டாண்டு முற்றுகைக்கு நடுவே இங்கிருந்துதான் அரசாண்டார். 1698இல் கோட்டை விழுந்தது. அந்த எட்டு ஆண்டுகள் செஞ்சி தாக்குப்பிடிக்காமல் போயிருந்தால் மராட்டிய அரசின் கதையே வேறாக இருந்திருக்கும். ஆனால் மொத்தம் 21 ஆண்டுகள்தான். அதற்கு முன் ஆடு மேய்த்த ஆனந்தக்கோன் கட்டியதாக மரபுக்கதை உண்டு, நாயக்கர்கள் உண்டு, பிஜாப்பூர்க்காரர்கள் உண்டு. பின்னால் நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். அத்தனை பேரையும் ஒரு பெயருக்குள் அடைத்தது குறைதான். அரசியலும் இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் நான் புனேயில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். மழைக்காலத்து சனிக்கிழமை விடிகாலையில் எங்கள் டீமில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கோட்டையில் இருப்பார்கள். ராஜ்கட், தோர்ணா, லோகட். டெஸ்டிங் பார்க்கும் பெண், கேன்டீன் பையன், மேனேஜர் எல்லோரும் ஒரே சேற்றில் வழுக்கி விழுந்து எழுவார்கள். தீபாவளிக்குக் குழந்தைகள் வாசலில் மண்ணில் கோட்டை கட்டி, உச்சியில் சிவாஜி பொம்மை வைப்பார்கள். கோ.நீ. தாண்டேகர் என்ற எழுத்தாளர் வாழ்நாளெல்லாம் கோட்டை கோட்டையாக நடந்து எழுதியிருக்கிறார். இதில் பெருமைப் பேச்சும் வெறியும் கலந்திருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பாரிஸில் ஒரு கோப்பு நகர்வதற்கு முன்பே, அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கால்கள் நகர்ந்திருக்கின்றன. நம்முடைய கோபத்துக்குப் பின்னால் எந்தக் கால்கள் இருக்கின்றன?

ஒருகாலத்தில் இருந்தன. தேசிங்கு ராஜா பந்தேலா ராஜபுத்திரன். ஒரு வருடம்கூட முழுதாக ஆளாமல் 1714இல் நவாப் படையோடு மோதிச் செத்தவன். அவன் யார், எந்த சாதி, என்ன மொழி என்று பார்க்காமல் நம் பாட்டுக்காரர்களும் கூத்துக்காரர்களும் அவனையும், அவனுடைய முஸ்லிம் தோழனையும், குதிரையையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போருக்குப் போகாதே என்று எங்கள் சிங்கவரத்து ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று என் பாட்டி கண்ணால் பார்த்த மாதிரி சொல்லும். செஞ்சியைத் தமிழ்க் கோட்டையாக்கியது அந்தப் பாட்டுதான். எந்த நிறுவனமும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை. அந்தப் பாட்டை நாம் கைவிட்டோம், இப்போது சான்றிதழில் நம் பெயர் இல்லை என்று அழுகிறோம்.

யுனெஸ்கோ பெயர்ப்பலகைக்குள் வராதது எங்கள் ஊரைச் சுற்றி எவ்வளவோ இருக்கிறது. படியேறிப் போனால் பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரை, ஒரே பாறையில் படுத்திருக்கும் பெருமாள். பக்கத்தில் திருநாதர்குன்று. அங்கே ஒரு பெரும்பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் அது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தமிழ் எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தின் வெட்டு. தமிழ் எழுத்தின் வரலாறு பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நாமோ தினமும் தாண்டித்தான் போகிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகும் எத்தனையோ வண்டிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை.

மச்சு பிச்சுவை 1911இல் ‘கண்டுபிடித்தவர்’ ஹிராம் பிங்காம் என்று பள்ளியில் படித்தோம். அவர் போனபோது அந்தப் படிக்கட்டு வயல்களில் விவசாயக் குடும்பங்கள் பயிரிட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு இடிபாடுகளைக் காட்டியது அந்த வீடுகளில் ஒன்றிலிருந்த சிறுவன். தெரிந்த மலைக்கு வெளியாள் வந்து பெயர் வைத்த கதை அது. எங்கள் கதை அதைவிட மோசம். பெருவின் சிறுவனுக்குத் தன் மலையில் வழி தெரிந்திருந்தது.

“ஏறி என்ன ஆகப்போகுது? அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இது” என்பார்கள். மதுரையைப் பாருங்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை 2010லிருந்து மக்களைக் குன்று குன்றாகக் கூட்டிப்போகிறது. அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது ஊரே எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்துக்கு ஆயிரம் அரசியல் காரணங்கள் இருக்கலாம். ஆனால் எந்தப் பாறையில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள்தான் தெருவில் நின்றார்கள். தெரியாத மலைக்காக யாரும் வெயிலில் நிற்க மாட்டார்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரிடா, எப்பப் போலாம்?” என்றான். மார்கழியில் வா, காலை வெயில் ஏறுவதற்குள் கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிவிடலாம், குரங்கு இருக்கும், கையில் தின்பண்டம் தெரியாமல் வை என்றேன். ராஜகிரியை இறங்கியதும் சிங்கவரத்தில் சாப்பாடு, மாலையில் திருநாதர்குன்று. ஆறு மாதம் ஓடிப் பழக வேண்டியதில்லை. முன்பதிவும் வேண்டாம்.