கழிச்சுப் போட்ட கொத்துக்கும் கணக்கு இருக்கு

போன வாரம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்னு பிஞ்சுக் கொத்துகளை மூணுக்கு ஒண்ணா கத்தரிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கல. "காய்ச்சதை அறுத்துப் போடுறியே, கை கூசலயாடா?"

கூசத்தான் செய்யுது. ஆனா போன வருசம் கூசினதுக்குத் தண்டம் கட்டியாச்சு. விலை இருக்குன்னு ஒரு கொத்தையும் கழிக்கல. எடை வந்துச்சு, பழம் சரியா நிறம் கட்டல. அறுத்து முடிச்சு கவாத்து பண்ணினா, புதுக் கொளுந்து ஈர்க்குச்சி மாதிரி வருது. பூக்கொத்து பாதிகூட இல்லை. பதறிப்போய் யூரியாவைக் கொட்டினேன். இலைதான் பந்தலை மூடிச்சு. வெயில், காத்து உள்ளே போகல. மழை வந்ததும் அடிச்சாம்பல் நோய். மருந்துக் கடையில கடன்.

எங்கே தப்புன்னு பிறகுதான் புரிஞ்சது. கவாத்து பண்ணின கொடி முதல்ல துளிர்க்கிறது நாம போட்ட உரத்துல இல்லை. வேர்லயும் தண்டுலயும் சேத்து வச்ச தழைச்சத்துலயும் மாவுச்சத்துலயும்தான். காய் அளவுக்கு மீறினா, கொடி பழத்தைப் பட்டினி போடாது, அந்தச் சேமிப்பை எடுத்து ஊட்டிடும். குளிர் நாட்டுல அறுப்புக்கு அப்புறம் இலை உதிர்ற வரைக்கும் அதை நிரப்பிக்க நேரம் உண்டு. எங்க கம்பம் பள்ளத்தாக்குல ரெண்டு வருசத்துக்கு அஞ்சு அறுப்பு எடுக்கிறவங்க இருக்காங்க. கொடி எப்ப மூச்சு விடும்?

இன்னொரு கணக்கு. ஒரு டன் பழத்தோட தோட்டத்தை விட்டுப் போற தழைச்சத்து சுமார் 2 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டையில 20 கிலோவுக்கு மேல இருக்கு. போடுறது பூரா வேருக்குப் போகாது, சரி. அதுக்காக மூட்டை மூட்டையாவா?

ரொம்பக் கழிச்சாலும் வம்புதான், சத்தெல்லாம் இலைக்கு ஓடும். இலைக்காம்பைப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு உரத்தைத் தீர்மானிக்கிறது நல்லது. நான் இந்தத் தடவைதான் கொடுத்திருக்கேன்.

இதையெல்லாம் சென்னையில, கோவையில இருக்கிற உங்ககிட்ட ஏன் சொல்றேன்? கமிஷன் கடையில எடைக்குத்தான் காசு, இனிப்புக்கு இல்லை. 2023-ல் எங்க பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது தராசுக்குத் தெரியாது. குலை பெருசா, விலை கம்மியான்னு மட்டும் நீங்க பாத்தா, எந்த விவசாயியும் கத்தரியை எடுக்க மாட்டான், யூரியாவைத்தான் எடுப்பான். நிறமும் வாசனையும் பாத்து ரெண்டு ரூபா கூடக் கொடுங்க.

அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசல. அடுத்த கவாத்துல வர்ற கொளுந்தைக் காட்டணும்.